மேலே வர மூச்சு வேண்டும்

தூத்துக்குடி, புதுக்கோட்டை வட்டாரத்தில் தனி ஜெட் அமர்த்தும் தொழிலதிபர்களுக்கும், அவர்களுக்காக விமானம் பேசி முடிக்கும் அலுவலக மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நான் புதுக்கோட்டைக்காரன். தொண்டைமான் ஆண்ட ஊர் அல்ல, தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையில் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் புதுக்கோட்டை. வாடகை ஜெட் நிறுவனங்களுக்குப் பறப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. எந்தப் பாதை, எந்த உயரம், எவ்வளவு எண்ணெய், எத்தனை பேர், இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் தாளைக் கொடுக்கும் ஆளை டிஸ்பாட்சர் என்பார்கள். ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். இப்போது மாலையில் வீட்டு மாடியில் நின்றால் சின்ன ஜெட்டுகள் இறங்குவதைப் பார்க்க முடிகிறது. அந்தக் காட்சிதான் இந்த மடலை எழுத வைத்தது.

நம் ஓடுபாதை நெடுங்காலம் 1,351 மீட்டர்தான். பெரிய விமானம் என்றால் ஏ.டி.ஆர். போன்ற சுழலி விமானங்களோடு நம் வானம் முடிந்துவிடும். இன்று அது 3,115 மீட்டர். அகலமும் 30 மீட்டரிலிருந்து 45 ஆகியிருக்கிறது. புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. துறைமுகம், உப்பு, மீன் ஏற்றுமதி, காற்றாலை, குலசேகரன்பட்டினத்தில் எழும்பும் ராக்கெட் ஏவுதளம் என்று வேலை பெருகப் பெருக, காலையில் போய் மாலையில் திரும்ப நினைக்கும் உங்களைப் போன்றவர்களுக்குத் தனி ஜெட் தேவைப்படுகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஜெட்டைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்றை ஊர்க்காரன் என்ற உரிமையில் சொல்ல வேண்டும்.

நம் கரையில் முத்துக் குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கல்லில் கால் வைத்து முங்கிய அந்தக் காலத்து ஆள், சிப்பி எத்தனை கிடைக்கும் என்பதை முதலில் எண்ணுவதில்லை. கீழே போக எவ்வளவு மூச்சு, மேலே வர எவ்வளவு மூச்சு என்பதே முதல் கணக்கு. கண்ணெதிரே சிப்பி குவிந்து கிடந்தாலும், மேலே வருவதற்கான மூச்சில் கை வைக்காமல், மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டிவிடுவார். பறப்புத் திட்டம் என்பது இதே கணக்குதான். ஒரு பயணத்தில் செலவழிக்காமல் மிச்சம் வைக்கிற எண்ணெய், மிச்சம் வைக்கிற ஓடுபாதை, மிச்சம் வைக்கிற எடை, இவைதான் உங்கள் உயிர். நீங்கள் விமானத்துக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு இந்த மிச்சத்துக்காகத்தான். அதை வீண் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முதலில் எடை. இலகு ஜெட் என்பது கார் அல்ல. எத்தனை இருக்கை இருக்கிறதோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு தொட்டியையும் நிரப்பிப் போக முடியாது. எம்ப்ரேயர் நிறுவனத்தின் ஃபீனம் 100 என்ற சின்ன ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது தரையை விட்டுக் கிளம்பக்கூடிய அதிகபட்ச எடை 4,750 கிலோ. தொட்டி நிறைய எண்ணெய் 1,272 கிலோ. விமானத்தின் சொந்த எடையையும் ஒரு விமானியையும் கழித்தால், தொட்டியை நிரப்பிய பிறகு ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது ஏறத்தாழ 240 கிலோ. நம் ஊர் உடம்பில் மூன்று பேர். இரண்டாவது விமானியும் ஏறிவிட்டால் அதிலும் ஒரு ஆள் குறையும். இன்னும் இரண்டு பேர் வர வேண்டுமானால் எண்ணெயைக் குறைக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூரம் குறையும். மூன்றும் ஒரே தராசில் தொங்குகின்றன. ஒன்றைத் தூக்கினால் மற்றொன்று இறங்கும்.

என் ஆரம்ப காலத்துத் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு ஆனி மாதத்து மதியம். வாகைக்குளத்திலிருந்து கிளம்ப வேண்டிய ஜெட். பயணிகளின் மேலாளர் போனில் சொன்னார்: "அண்ணாச்சி, ஆறு பெட்டி. எல்லாம் சின்னப் பெட்டிதான். ஒவ்வொண்ணும் பத்து கிலோ இருக்கும்." நானும் 60 என்று எழுதிவிட்டேன். கேப்டன் தாளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். ஷூ டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய பெட்டிகள்தான். அதில் ஒன்றைக் குனிந்து தூக்கியவர் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். கொக்கித் தராசு ஒன்றை எடுத்து வரச் சொல்லி, இறக்கை நிழலில் நின்று ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். 21, 19, 24, 20, 22, 21. மொத்தம் 127. உள்ளே இருந்தது வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டக் கொண்டு போன உப்பு மாதிரிகள். உப்பளத்து ஊரில் பிறந்தவன் நான். உப்பு எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாதா? கேப்டன் என்னைத் திட்டவில்லை. பேனாவை எடுத்து என் 60-ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். மூன்று பெட்டிகள் சாலை வழியே போயின. அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த மதியத்தில் 67 கிலோ பெரிதா என்று கேட்பீர்கள். குளிர்ந்த காலையில் அவ்வளவு பெரிதல்ல. வெயிலில் பெரிது. விமானத்தின் திறன் அட்டவணைகளில் அடிப்படை, கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம். நம் ஊரில் கோடை மதியம் 40-ஐத் தொடும்போது காற்று விரிந்து இலேசாகிவிடுகிறது. அடர்த்தி ஏறத்தாழ எட்டு விழுக்காடு குறைகிறது. இறக்கைக்குத் தூக்கிப் பிடிக்கக் காற்று குறைவு, என்ஜினுக்கும் விழுங்கக் காற்று குறைவு. விமானிகள் இதை உயரமாக மாற்றிச் சொல்வார்கள்: 40 டிகிரியில் கடலோரத்து வாகைக்குளம், 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதையைப் போல நடந்துகொள்ளும். பெங்களூரு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே மலைமேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும்.

ஏற்றம் என்றால் இரண்டு என்ஜினும் ஓடும்போது ஏறுவது அல்ல. கணக்கு போடுவது ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்று. புறப்பாட்டின்போது முன்னால் உட்கார்ந்திருந்தால் கேப்டனின் வலது கையைக் கவனியுங்கள். ஓடத் தொடங்கும்போது அது விசைக் கைப்பிடியின் மேல் இருக்கும். பக்கத்து விமானி "வி ஒன்" என்று சொன்னதும் அந்தக் கை கைப்பிடியை விட்டு எழுந்துவிடும். அதற்கு முன்னால் ஏதாவது பழுது என்றால் நிறுத்த ஓடுபாதை மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு நிறுத்த இடமில்லை; ஒரே என்ஜினோடு என்றாலும் எழும்பியே ஆக வேண்டும். நிறுத்துவதா, தொடர்வதா என்ற முடிவு அந்த நொடியில் எடுக்கப்படுவதில்லை. எடை, வெப்பம், காற்று, ஓடுபாதையின் ஈரம் எல்லாவற்றையும் வைத்து முன்கூட்டியே எடுக்கப்பட்டு, ஒரு வேகமாக எழுதி வைக்கப்படுகிறது. பெட்டியின் எடையை நீங்கள் தவறாகச் சொன்னால், அந்த வேகமே தவறாகிவிடும்.

அடுத்தது காற்று. நம் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் எண் 10, எண் 28. ஒன்று கிட்டத்தட்ட கிழக்கைப் பார்க்கிறது, மற்றது மேற்கை. நம் மீனவர் மொழியில் சொன்னால் ஒன்று கொண்டலுக்கு, மற்றது கச்சானுக்கு. ஆனியிலிருந்து ஆவணி வரை கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்றில் கயத்தாறு காற்றாலைகள் ஓயாமல் சுழலும் நாட்களில் எண் 28 திசையில்தான் ஓட வேண்டும். எதிர்க்காற்றில் ஓடினால் குறைந்த ஓட்டத்தில் எழும்பலாம். பாய்மரத்தோணி ஓட்டிய தண்டலுக்குப் பின்காற்று நண்பன். ஓடுபாதையில் விமானிக்குப் பின்காற்று எதிரி. பல ஜெட்டுகளுக்குப் பின்காற்று மணிக்கு 10 கடல் மைலுக்கு மேல் போனால் புறப்படவோ இறங்கவோ கூடாது. வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே சாய்ந்து அடிக்கும், அதற்கும் தனி வரம்பு உண்டு. "சுற்றிப் போய் மறுபக்கமாக இறங்கினார்கள், பத்து நிமிடம் வீண்" என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பத்து நிமிடம் வீணாகவில்லை ஐயா.

பழைய ஓடுபாதையின் நாட்களில் ஒரு ஐப்பசி. பெங்களூருவிலிருந்து ஒரு குடும்பம் நிச்சயதாம்பூலத்துக்கு இங்கே வர வேண்டும். அன்றைய எடைக்கு அந்த ஜெட் 800 மீட்டரில் நிற்கும் என்றது அட்டவணை. ஆனால் பயணிகளை வாடகைக்கு ஏற்றும் ஜெட்டுக்கு அட்டவணைத் தூரம் போதாது. இருக்கும் ஓடுபாதையில் அறுபது விழுக்காட்டுக்குள் நிற்க முடிய வேண்டும். 800-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1,333 மீட்டர். நம்மிடம் இருந்தது 1,351. காய்ந்த நாளில் 18 மீட்டர் மிச்சம். ஓடுபாதை ஈரமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அதன்மேல் இன்னும் பதினைந்து விழுக்காடு சேர்க்க வேண்டும். 1,533 மீட்டர். அப்போது 182 மீட்டர் பற்றாக்குறை. முன்னறிவிப்பில் மழை இருந்தது. மதுரையில் இறங்கிக் காரில் வாருங்கள் என்றேன். அந்தக் குடும்பத்துப் பெரியவர் போனில் கொதித்தார். "போன மாசம் இதே விமானம் இதே ஊர்ல இறங்குச்சே?" என்றார். இறங்கியது உண்மைதான், வெயிலில். கேப்டன் என் பக்கம் நின்றார். குடும்பம் மதுரையிலிருந்து காரில் வந்து சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவரே கூப்பிட்டார். "தம்பி, அந்த நூத்தி எண்பது மீட்டர் கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளர்கள்தான் எங்கள் தொழிலைக் காப்பாற்றினார்கள்.

இப்போது 3,115 மீட்டர் இருக்கிறதே, இனி அந்தக் கவலை எதற்கு என்று தோன்றும். நீளமான ஓடுபாதை எல்லாத் தவறையும் மன்னிக்காது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பின்காற்றோடு வந்து, ஏறத்தாழ பாதி ஓடுபாதை கடந்த பிறகே தரையைத் தொட்டது. முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். தொடாமல் விட்டுப்போன ஓடுபாதை எவ்வளவு நீளமாக இருந்தாலும் உதவாது. சின்ன ஜெட்டுக்கும் அதே பாடம்தான்: 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் கனமழையில் இறங்க முயன்ற லியர்ஜெட் 45 ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே நொறுங்கியது. எட்டுப் பேரும் உயிர் தப்பியது பெரும் பேறு.

இனி எண்ணெய். டெல்லிக்குப் போக நினைக்கிறீர்கள். வாகைக்குளத்திலிருந்து டெல்லிக்கு நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 1,190 கடல் மைல். ஃபீனம் 100 நான்கு பேரோடு போகக்கூடிய தூரம் 1,178 கடல் மைல் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. பன்னிரண்டு மைல்தானே என்று சமாதானம் சொல்ல இதில் இடமில்லை. வானில் யாரும் நேர்கோட்டில் விடுவதில்லை. காற்றும் உங்கள் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஆறு பேரோடு ஏறத்தாழ 1,970 கடல் மைல் போகும் ஃபீனம் 300 எடுத்தால் ஒரே மூச்சில் போகலாம், வாடகை கூடும். "சின்ன ஜெட்டிலேயே நிற்காமல் போக முடியாதா?" என்று கேட்டு, "பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் சொல்லும் ஆளிடம் மட்டும் விமானம் எடுக்காதீர்கள்.

எண்ணெய்க் கணக்கு எப்படி அடுக்கப்படுகிறது என்று சொல்கிறேன். தரையில் ஊர்ந்து போக ஒரு பங்கு. பயணத்துக்கு ஒரு பங்கு. காற்று மாறினால், பாதை சுற்றினால், உயரம் கிடைக்காவிட்டால் என்று பயண எண்ணெயில் வழக்கமாக ஐந்து விழுக்காடு கூடுதல். இந்த உயரம் முக்கியம். 41,000 அடியில் சிக்கனமாக ஓடும் ஜெட், நெரிசலால் கீழேயே பிடித்து வைக்கப்பட்டால் எண்ணெயைக் குடிக்கும். அதற்குப் பிறகு, போன இடத்தில் இறங்க முடியாமல் மாற்று நிலையத்துக்குப் போக ஒரு பங்கு. அங்கே போன பிறகும் 1,500 அடியில் முப்பது நிமிடம் சுற்ற ஒரு பங்கு. கடைசியில் சொன்ன அந்த முப்பது நிமிடம்தான் மேலே வரும் மூச்சு. அதைத் தொடுவது போல் தெரிந்தாலே விமானி ஆபத்து என்று வானொலியில் அறிவிக்க வேண்டும். டெல்லியில் மார்கழிப் பனி மூடினால் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ போகவும், அதற்கு முன் வரிசையில் காத்திருக்கவும் எண்ணெய் வேண்டும்.

நமக்கும் மாற்று நிலையம் எளிதான கேள்வி அல்ல. வாகைக்குளத்திலிருந்து மதுரையும் திருவனந்தபுரமும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 67 கடல் மைல். தூரம் ஒன்றுதான், வானம் ஒன்றல்ல. ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் நனையும், மதுரை காயும். ஐப்பசி, கார்த்திகையில் மன்னார் வளைகுடாவில் தாழ்வு நிலை உட்கார்ந்தால் நம் வானமும் மதுரை வானமும் சேர்ந்தே மூடிவிடலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கி நின்றதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளுக்குத் திருச்சி, கோவை, கொச்சி வரை போக எண்ணெய் தேவைப்படும். அந்த எண்ணெய்க்கு எடை உண்டு. அந்த எடைக்கு உங்களில் ஒருவர் அடுத்த விமானத்தில் வர வேண்டியிருக்கலாம்.

மிச்சமே இல்லாத திட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு தாள் உலகத்தில் இருக்கிறது. 2016 நவம்பர் 28. பொலிவியாவின் சாந்தா குரூஸிலிருந்து கொலம்பியாவின் மெடலினுக்கு, பிரேசில் நாட்டு ஷாப்பெகோயென்சே கால்பந்து அணியை ஏற்றிய வாடகை விமானம். அந்தப் பறப்புத் திட்டத்தில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். கையிருப்பு எண்ணெய் ஓடும் நேரம், அதுவும் 4 மணி 22 நிமிடம். இரண்டு கட்டத்திலும் ஒரே எண். அலுவலர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியும் விமானம் கிளம்பியது. மெடலினுக்கு அருகே காத்திருக்கச் சொன்னபோது காத்திருக்க எண்ணெய் இல்லை. என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். இயந்திரம் பழுதாகவில்லை. வானம் இடியவில்லை. தாளிலேயே எழுதியிருந்த விபத்து அது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆட்களின் எடையையும் பெட்டிகளின் எடையையும் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் மைத்துனரைக் கூட்டி வராதீர்கள். வர வேண்டுமென்றால் முந்தைய நாளே சொல்லுங்கள், தாள் மாறட்டும். மழைக்காலத்தில் விமானம் பேசும்போதே மதுரையில் ஒரு காரையும் பேசி வையுங்கள். ஓட்டுநரின் எண் மேலாளரின் கையில் இருந்தால், "மதுரைக்குப் போகலாம்" என்று கேப்டன் சொல்வது எளிதாகிவிடும். திரும்பும் நேரத்தில் வாகைக்குளம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். விமானிகளின் வேலை நேரம் முடிகிறது என்றால் இரவு தங்குவதற்கான செலவை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். புறப்படும் முன், "அங்கே இறங்க முடியாவிட்டால் எங்கே போவீர்கள்? அதற்குப் பிறகு எத்தனை நிமிட எண்ணெய் இருக்கும்?" என்று கேளுங்கள். நல்ல கேப்டனுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் படியேறுவார்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். "எப்படியாவது இறக்கிவிடுங்கள்" என்ற அந்த ஒரு வாக்கியம். வாடகை கொடுப்பவரின் வாயிலிருந்து வரும்போது அது வேண்டுகோளாக விமானியின் காதில் விழாது. அவருடைய அடுத்த மாதச் சம்பளமாக விழும். நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

நேற்று மாலை ஒரு சின்ன ஜெட் எங்கள் தெருவுக்கு மேலே தாழ்ந்து வந்து, இறங்காமல் மீண்டும் மேலே ஏறியது. சக்கரங்கள் உள்ளே மடங்குவது தெரிந்தது. கிழக்கே கருமேகம். ஒரு வட்டம் போட்டு மறுபடி வந்து இறங்கியது. உள்ளே இருந்தவர் உங்களில் யாராவது இருக்கலாம். அந்த ஒரு வட்டத்துக்கான எண்ணெயை யாரோ ஒருவர் காலையிலேயே கணக்குப் போட்டு ஏற்றியிருந்தார். கேப்டனிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
முன்னாள் டிஸ்பாட்சர்,
புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டம்.